மருந்து கேட்கிற அக்கா

மல்லிகை ஸ்ப்ரேயை முகர்ந்தால் எனக்குக் குமட்டும். சிதம்பரத்தில் மேல வீதிக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இருக்கிறது நான் வேலை பார்க்கும் அலுவலகம். ஜன்னல்களை அடைத்து, ஏசியை ஓடவிட்டு, மூலைக்கு மூலை அதை அடிப்பார்கள். விற்பதற்கென்று அங்கே ஒரு பொருளும் கிடையாது. அடுத்தவர் கடைச் சரக்கைப் படமெடுத்து, வர்ணித்து, ஆன்லைனில் ஏற்றி, ஆர்டர் வாங்கி, வாடிக்கையாளர் கேட்பதற்கெல்லாம் கடைக்காரர் பேரில் பதில் அனுப்புவதுதான் தொழில். கவிதை எழுதுகிற ஆள் என்பதால் வர்ணனையும் பதிலும் என் தலையில். ஐம்பதை நெருங்கும் வயதில் கால்மிதியைப் பற்றி உருகி உருகி எழுதியிருக்கிறேன்.

எங்கள் மேலாளர் எல்லாக் கடைக்காரர்களிடமும் சொல்வது ஒன்றுதான். "ஏவாரம் ஒல்லியா இருக்கணும் சார். ஆளுங்க சம்பளம்லாம் தொப்ப மாதிரி. எங்ககிட்ட வுட்டுட்டீங்கன்னா தன்னால கரைஞ்சிடும்." சொல்லிவிட்டுத் தன் வயிற்றைத் தட்டிக்கொள்வார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், ஒவ்வொரு தடவையும்.

கடலூர் துறைமுகத்துப் பக்கம் இருக்கும் ஒரு கருவாட்டுக் கடை எங்களிடம் வந்தது. அங்கே ஃபோனில் ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தவர் மீனவக் குடும்பத்துப் பெண். என் வயதுதான் இருக்கும். அவர் பேச்சுக்காகவே வெளியூரிலிருந்து கூப்பிடுகிறார்கள் என்றார் கடை முதலாளி. "அந்தப் பேச்ச அப்படியே புடிச்சிக்கிட்டு வந்துடுங்க. அப்புறம் அந்தம்மா எதுக்கு?" என்று மேலாளர் என்னை அனுப்பினார். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது, இறங்கித் திரும்பிப் போய்விடலாமா என்று நினைத்தேன். நினைப்பதில் நான் கெட்டிக்காரன்.

"வாங்க சார், இந்த சாக்கு மேல குந்துங்க. பேண்ட்டு நாறும், பரவால்லியா?"

அந்த அக்காவின் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஃபோன். இரண்டு கையும் நெத்திலிக் குவியலில். நான் நோட்டைப் பிரிப்பதற்குள் ஒரு அழைப்பு.

"சொல்லும்மா... நெத்திலியா? கொழம்புக்கா, வறுக்கவா?... கொழம்புக்குன்னா பெருசாப் பாத்துப் போடுறேன். வீட்ல யாராச்சும் நாட்டு மருந்து சாப்புடுறாங்களா?... மாமியாரா? அப்ப வேணாம். மருந்து முடியட்டும், வாங்கிக்க. அடுப்புல கருவாடு மணந்தா அவுங்க நாக்கு சும்மா இருக்குமா? பத்தியம் போச்சின்னா தின்ன மருந்தெல்லாம் வீணு."

"பாத்தீங்களா சார், வர்ற ஏவாரத்தத் தொரத்தி வுடுறத!" என்று உள்ளேயிருந்து முதலாளி கத்தினார்.

"அட நீங்க சும்மா இருங்க மொதலாளி. மருந்து முடிஞ்ச அன்னிக்கு ரெண்டு கிலோவா கேக்கும் அந்தப் பொண்ணு."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன். அக்கா பஜ்ஜியும் டீயும் வரவழைத்துக் கொடுத்தார். பக்கங்கள் நிறைவதைப் பார்த்து, "எல்லாத்தயும் எழுதுறீங்களே, என்னாத்துக்கு சார்?" என்றார்.

"கடைக்கு உதவியா இருக்கும்க்கா."

"எழுதுங்க, எழுதுங்க. பாதி கேள்விக்கு மிஷினே பதில் சொல்லிச்சின்னா என் தொண்டையாச்சும் பொழைக்கும்."

அந்த பஜ்ஜியை நான் முழுசாகத் தின்றேன்.

அலுவலகத்தில் அவர் பேச்சைக் கேள்வி கேள்வியாகப் பிரித்து, தானாகப் பதில் அனுப்பும் மென்பொருளுக்கு அடித்துக் கொடுத்தேன். மேலாளர் மூக்கைச் சுளித்தார். என் சட்டையில் கருவாட்டு வாடை. மருந்துக் கேள்விக்கு வந்ததும் நிறுத்தினார். "இது விக்க வுடாத கேள்வி சார். தூக்குங்க." தூக்கினேன். வாதாடவில்லை. தூக்குவதற்கு ஒரு விரல் போதுமானதாக இருந்தது.

விற்பனை ஏறத்தான் செய்தது. அடுத்த மாதமே கடை முதலாளி கூப்பிட்டார். "அக்காவ நிறுத்திட்டேன் சார். இப்பதான் கடை லேசா இருக்கு."

அன்று மாலையே அந்த அக்காவும் கூப்பிட்டார்.

"சார், எம் பொண்ணு ஃபோன்ல காட்டுச்சி. கொழம்புக்கா வறுக்கவான்னு கேக்குது, அப்படியே நாந்தான் போங்க!" சிரித்தார். "மருந்து மட்டும் கேக்க மாட்டேங்குது. மறந்துட்டீங்களா?... எம் பேச்சத்தான பேசுது? அப்ப உங்க ஆபீஸ்ல எனக்கு எதாச்சும் வேல இருக்குமா சார்? கூட்டுற வேலன்னாலும் பரவால்ல."

"கேட்டுச் சொல்றேன்க்கா."

கேட்கவில்லை. மேலாளரின் அறை என் மேசையிலிருந்து பத்தடி. கதவுகூடத் திறந்துதான் கிடந்தது. தன் வாடையே தனக்குப் பிடிக்காமல் போகும் என்பதை அந்தப் பத்தடியில் தெரிந்துகொண்டேன். அது கருவாட்டு வாடை இல்லை. கருவாடென்றால் துவைத்தால் போய்விடும்.

போன வாரம் கடை எண்ணுக்கு ஒரு செய்தி வந்தது. 'மருந்து கேக்குற அக்கா ஒருத்தவங்க பேசுவாங்களே, இருக்காங்களா? மாமியாருக்கு மருந்து முடிஞ்சிடிச்சி. நெத்திலி ரெண்டு கிலோ வேணும்.'

எங்கள் பட்டியலில் இதற்குப் பதில் இல்லை. இந்த மாதிரி வருவது என் திரைக்குத் தள்ளப்படும். யாரோ பின்னால் ஸ்ப்ரே அடித்துக்கொண்டு போனார்கள்.

'இருக்கேம்மா' என்று அடித்தேன். 'கொழம்புக்கா, வறுக்கவா?'

உடனே பதில் வந்தது.

'கொழம்புக்குத்தாங்க்கா. நல்லா இருக்கீங்களா?'