முந்திப் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும்

மகள் சேலத்தில் கல்லூரி விடுதியில் சேர்ந்ததும், பள்ளியில் அவளுக்குக் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் சும்மா நின்றது. பஸ்ஸுக்குக் காத்து அலுத்துப்போன நான், நாற்பத்து மூன்று வயதில் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன். பாலக்கோட்டில் ஒரு மருந்துக் கடையில் வேலை. ஆறு கிலோமீட்டர்.

சைக்கிளில் போகிறவர்களுக்குள் தனி மரியாதை ஒன்று இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது. முதல் நாள், சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் முடிந்து எதிரே வந்த ஒருவர் ஒரு தரம் மணி அடித்தார். ஒதுங்கச் சொல்கிறார் என்று ஓரத்து மண்ணில் இறங்கி விழப் பார்த்தேன். மறுநாளும் அடித்தார். அது வணக்கம் என்று மூன்றாம் நாள்தான் புரிந்தது. நானும் அடித்தேன். அன்று கடையில் மாத்திரை அட்டையைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்த மணி ஞாபகம் வந்து சிரித்தேன்.

எதிரே வருகிறவருக்கு மணி போதும். ஒரே பக்கம் போகிறவர்கள் விஷயம் வேறு. தக்காளி மண்டியில் பழம் தரம் பிரிக்கும் அக்கா ஒருவர், ஐம்பது தாண்டியவர், ஹேண்டிலில் தூக்குவாளியோடு எனக்கு முன்னால் போவார். ஒரு நாள் ஏரிக்கரை மேட்டில் அவரை முந்தினேன்.

"ஏம்மா, முந்திப் போறவ ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதா?"

வெட்கமாகிவிட்டது. "போறங்க்கா" என்றேன்.

சொன்ன பிறகு மெதுவாகப் போக முடியுமா? எழுந்து நின்று மிதித்தேன். திரும்பிப் பார்த்தால், தூக்குவாளி கடகடவென்று ஆட, அவரும் எழுந்து நின்று மிதிக்கிறார். இறக்கத்தில் காது அடைத்துக்கொண்டது. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்கள் வாய் பார்த்தார்கள். ஊருக்குள் நுழைந்தோம். ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்த எங்கள் முதலாளி கை காட்டினார். நான் நிற்கவில்லை. மண்டி வாசலை ஒரு டிராக்டர் அடைத்து நின்றதால்தான் நின்றேன்.

அக்கா பக்கத்தில் வந்து நின்று மூச்சு வாங்கினார். "உன் கடை அங்கயே போயிடுச்சே, கண்ணு."

"தெரியும்க்கா. நின்னா நீங்க முந்திடுவீங்க."

அவ்வளவுதான். காலியான தக்காளிக் கூடைகள் மேல் உட்கார்ந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அவர் கொண்டுவந்த கூழில் பாதி, வழியிலேயே சேலையில் கொட்டியிருந்தது. மீதியை ஆளுக்குக் கொஞ்சம் குடித்தோம். "நாளைக்கு ஏரிக்கரையில நில்லு, சேந்தே போவலாம்" என்றார். இப்போதும் அப்படித்தான் போகிறோம்.

கடைக்குத் திரும்பியபோது முதலாளி கேட்டார். "எங்கம்மா போனீங்க? கை காட்டினனே."

"பிரேக் புடிக்கலைங்க சார்."

அவர் பயந்துபோய் என்னை உடனே சைக்கிள் கடைக்கு அனுப்பினார். கடைக்காரர் சக்கரத்தைச் சுற்றிவிட்டு பிரேக்கை அழுத்தினார். சட்டென்று நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி நின்றது.

"நல்லாத்தானுங்க புடிக்குது?"

"அப்படியா? சரி, செயினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெயாச்சும் வுடுங்க" என்றேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.