ராத்தா எங்கேயும் போகவில்லை

போன சனிக்கிழமை என் வீட்டு ஹாலில் ஒரு சின்னப் பஞ்சாயத்து. ஒரு பக்கம் ரிஸ்வானா, காயல்பட்டினத்துப் பெண், ப்ளஸ் டூ. மறுபக்கம் ஸ்பீக்கர் போனில், சென்னைப் பதிப்பகம் ஒன்றின் எடிட்டர். நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்!

விஷயம் இதுதான். ரிஸ்வானா தன் வயசுப் பிள்ளைகளுக்காக ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். எடிட்டருக்கு அதை அனுப்பி வைத்ததும் நான்தான்.

கதை? அவர்கள் ஊரில் கல்யாணம் ஆனால் பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்துவிடுகிறார். கதாநாயகிக்குப் பதினாறு வயசு. அவள் ராத்தாவுக்கு — அதாவது அக்காவுக்கு — கல்யாணம். கடல் காற்று வரும் மாடி ரூம் இத்தனை நாள் இவள் ராஜ்ஜியம். அது இப்போது புது ஜோடிக்கு! இவள் கீழே, குறட்டை விடும் உம்மா பக்கத்தில். சும்மா விடுவாளா? வைஃபை பாஸ்வேர்டை மாற்றுகிறாள். மச்சானுடைய ஃபுட்பால் டீம் தோற்கும்போது டிவி சத்தத்தைக் கூட்டுகிறாள்... நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

எடிட்டர் சிரிக்கவில்லை.

"எழுத்து நல்லா இருக்கும்மா. ஆனா பிரச்சினைன்னு ஒண்ணுமே இல்லையே?"

"ரூம் போயிட்டே சார்! அது பிரச்சினை இல்லியா?"

"அதில்லம்மா... முஸ்லிம் பொண்ணு கதைன்னா வாசகர்கள் ஒண்ணு எதிர்பார்ப்பாங்க. படிப்பை நிறுத்துற அப்பா, அழுதுகிட்டே வீட்டை விட்டுப் போற அக்கா... அப்படி மாத்திக் குடுத்தா இந்த வருஷமே போட்டுடலாம். இல்லன்னா கஷ்டம்."

ரிஸ்வானாவின் முகம் சுருங்கிப் போனது. கூட வந்திருந்த அவள் உம்மா, 'எம்புள்ள புஸ்தகம் வருது' என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருப்பவர். "மாத்திக் குடுத்துரு புள்ள, கதைதானே?" என்று அவள் காதைக் கடித்தார். நானும் தலையாட்டினேன். முதல் புத்தகம்... கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?

ரிஸ்வானா போனைப் பார்த்துச் சொன்னாள்: "படிக்க விடாத வாப்பாமாரும் இருக்காஹ சார். இல்லன்னு சொல்லல. அந்த வூட்டுப் புள்ள எழுதட்டும், நானே வாங்கிப் படிக்கேன். எங்க வாப்பா என்னை டியூஷன்ல விட்டுட்டு, முடியுத வரைக்கும் வெயில்ல நிக்காஹ. அவஹள எப்பிடி வில்லனாக்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. பாதி எடிட்டர் மேல், மீதி தலையாட்டிய என் மேல். மற்ற வீட்டுப் பிள்ளைகள் கதையில் நாய்க்குட்டியைத் தொலைக்கலாம், கணக்கில் கோட்டை விடலாம், காதலித்துத் தொலைக்கலாம். முஸ்லிம் பெண் மட்டும் ஒரு சமூகத்தின் கண்ணீர் மொத்தத்தையும் சுமந்துகொண்டுதான் கதைக்குள் வர வேண்டுமா? பதினாறு வயசில் ரூம் பறிபோனால் உலகமே இடிந்த மாதிரி இருக்காதா என்ன?

எடிட்டர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, அப்பாவை விட்டுடலாம். ஆனா பொறந்த வீட்டை விட்டுப் பிரியற சீன் ஒண்ணாவது வேணும். படிச்சா கண்ணீர் வரணும். முடியுமா?"

"எழுதுதேன் சார்" என்றாள் பட்டென்று. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு பேசிவிட்டு இதற்கு ஒத்துக்கொண்டாளே!

புதன்கிழமை அந்த சீன் வந்தது.

பிறந்த வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் — மாப்பிள்ளை. போவது என்னவோ அடுத்த தெருவுக்குத்தான். கையில் ஒரு பை. "அங்கன கூச்சப்படாம கேட்டு வாங்கிச் சாப்பிடணும், என்ன?" என்கிறார் அவருடைய உம்மா. அவ்வளவுதான்... மீசை வைத்த மனிதர் வாசலில் நின்று தேம்பித் தேம்பி அழுகிறார். சிவந்த கண்ணோடு வந்து சேர்ந்தவரைப் பார்த்து, 'மச்சானுக்கு ஜலதோஷம் போல' என்று நினைத்துக்கொள்கிறாள் கதாநாயகி.

சிரித்துக்கொண்டே அழுதேன்.

மறுநாள் எடிட்டர் கூப்பிட்டார். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பேசினார். "ஒரு வரிகூட மாத்த வேணாம் மேடம். அப்படியே போட்டுடறேன்."

என்ன ஆச்சு இவருக்கு என்று விசாரித்தேன். மனிதர் கல்யாணமான நாளிலிருந்து மாமனார் வீட்டில்தான் குடியிருக்கிறாராம்!