சங்கிலி ஜெபத்தில் அம்மாவின் ஒரு மணி நேரம்

மதியம் மூன்று மணி. சுவர்க் கடிகாரத்துக்குள் இருந்த பிளாஸ்டிக் குருவி மூன்று முறை கத்திவிட்டு அடங்கியது. கோரைப்பாயின் வரிகள் என் முழங்கால்களில் ஆழமாகப் பதிந்திருந்தன. தலைக்கு மேலே கல்நார் கூரை வெயிலில் டக் டக்கென்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகக் குப்பத்துக் கருவாட்டு வாடையும் துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் புகையும் மாறி மாறி உள்ளே வந்தன. நான் கண்ணை இறுக மூடியபடி, என் தோளில் ஒரு கை விழுவதற்காகக் காத்திருந்தேன். மூன்று ஐந்து ஆனது. மூன்று பத்து ஆனது. கை விழவில்லை.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. தொண்ணூறுகளின் கடைசி, திருவொற்றியூரில் கடலைப் பார்த்து முடியும் ஒரு தெருவின் கோடியில் எங்கள் சபை இருந்தது. சபை என்றால் கோபுரமும் மணியும் வைத்த கோயில் அல்ல. பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து, வெள்ளையடித்து, ஒரு மரச்சிலுவையை மாட்டிய கூடம். அங்கே வருபவர்கள் எல்லாம் ஆலைகளிலும் கிடங்குகளிலும் வேலை செய்கிறவர்கள். யாருக்காவது பெரிய ஆபத்து வந்தால் "சங்கிலி" போடுவார்கள். காலை ஆறிலிருந்து மாலை ஆறு வரை, மணிக்கு ஒருவராகப் பன்னிரண்டு பேர், இடைவெளி இல்லாமல் முழங்காலில் நின்று ஜெபிப்பதற்குத்தான் சங்கிலி ஜெபம் என்று பெயர். அதற்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. அடுத்தவர் வந்து தோளைத் தொட்டு, "எழுந்திரு, நான் பிடிச்சிக்கிறேன்" என்று சொல்லும் வரை, முழங்காலில் இருப்பவர் எழுந்திருக்கவும் கூடாது, ஜெபத்தை நிறுத்தவும் கூடாது. பெயர்களையும் மணிகளையும் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கதவில் ஒட்டியிருப்பார்கள்.

அன்றைய சங்கிலி என் அப்பாவுக்காக. எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் ஓர் இரும்புக் கிடங்கில் அவர் கலாசி. கிரேனில் தூக்கும் பாரத்துக்குக் கம்பி மாட்டி, கைகாட்டி இறக்குகிற வேலை. முந்தின நாள் காலையில் தகடு ஒன்று சரிந்து அவருடைய தொடையை நசுக்கிவிட்டது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தார். மறுநாள் மதியத்துக்குள் எப்படியும் வந்துவிடலாம் என்று நினைத்து, "எனக்கும் ஒரு மணி போடுங்க" என்று பாஸ்டரம்மாவிடம் சொல்லியனுப்பியிருந்தார். இரண்டிலிருந்து மூன்று வரை அம்மாவின் மணி. ஆனால் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை என்று சொல்லிவிட்டதால் அவரால் கிளம்ப முடியவில்லை.

பக்கத்து வீட்டில் விடப்பட்டிருந்த நான், ஒன்றரை மணி வரை தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா வரவில்லை. இரண்டு மணிக் கண்ணி விட்டுப்போனால் சங்கிலி அறுந்துவிடும், சங்கிலி அறுந்தால் பாரம் விழும் என்று எனக்குத் தோன்றியது. கலாசி வீட்டுப் பிள்ளைக்கு வேறு எப்படித் தோன்றும்? "சபைக்குப் போறேன்க்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னேன். அம்மா அங்கே வந்துவிட்டார் என்று நினைத்து அவரும் தலையாட்டினார். சபையில் ஒரு மணிக்குப் பெயர் கொடுத்திருந்த தேவசகாயம் மாமா முழங்காலில் இருந்தார், காது மந்தமான வாட்ச்மேன். நானே அவர் தோளைத் தொட்டு, "மாமா, நான் பிடிச்சிக்கிறேன்" என்றேன்.

"நீயா கண்ணு? புடி புடி. எனுக்கு ஷிப்டுக்கு டைம் ஆவுது" என்று சொல்லி, என் தலையில் கை வைத்துவிட்டு ஓடினார்.

கதவில் இருந்த தாளில் அம்மாவின் பெயரை அடித்து என் பெயரை எழுத வேண்டும் என்று அப்போது தோன்றத்தான் செய்தது. பேனாகூட அங்கேயே நூலில் தொங்கியது. நான் இருப்பது ஆண்டவருக்குத் தெரியுமே என்று எழுதவும் இல்லை, பாஸ்டரம்மாவிடம் போய்ச் சொல்லவும் இல்லை.

அந்தப் பிழை என்ன செய்தது என்று பல நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. இரண்டரை மணி போல ஆஸ்பத்திரியிலிருந்து பாஸ்டர் வீட்டுக்கு போன் வந்திருக்கிறது, உடனே ரத்தம் வேண்டும் என்று. பாஸ்டர் வீடு இரண்டு தெரு தள்ளி. அங்கே கூடியிருந்த, அடுத்தடுத்த மணிகளுக்குப் பெயர் கொடுத்திருந்த ஸ்டெல்லா அக்காவும் மற்றவர்களும் கிடைத்த ஆட்டோவில் ஏறிவிட்டார்கள். "சபையில இப்ப யாரு இருக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, பாஸ்டரம்மா தன்னிடம் இருந்த பட்டியலைப் பார்த்து, "ரெண்டு மணி அவரு சம்சாரம். அவங்கதான் ஆஸ்பத்திரியில இருக்காங்களே, சபையில யாரும் இல்ல. நாம அங்க போயே ஜெபிக்கலாம்" என்று சொல்லியிருக்கிறார். ரத்தம் கொடுக்கப் போனதும் ஜெபம்தான் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று மணிக்கு யாரும் வரவில்லை என்பதுதான்.

என்னிடம் இருந்த ஜெபங்கள் மூன்றரைக்குள் தீர்ந்துவிட்டன. பெரியவர்களைப் பார்த்துப் பழகிய நீண்ட ஜெபங்கள் அவை. "சர்வ வல்லமையுள்ள தகப்பனே" என்று ஆரம்பித்து, குரலை ஏற்றி இறக்கி, நாட்டின் தலைவர்கள் வரை எல்லோரையும் ஒப்புக்கொடுத்து முடிப்பது. முடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். பிறகு ஞாயிறு பள்ளியில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். பிறகு வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல "இயேசப்பா இயேசப்பா" என்று மட்டும் சொன்னேன். தாகம் எடுத்தது. அதைவிட, ஒன்றுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்ப்பதற்காக ஒரு கண்ணை மட்டும் திறந்தால் காலி பெஞ்சுகளும் யாருமில்லாத வாசலும் தெரிந்தன, உடனே மூடிக்கொண்டேன். அவ்வளவு பெரிய கூடமாக அது முன்பு எனக்குத் தெரிந்ததில்லை. ஆண்டவர் எங்களைப் பிடித்திருக்கிறார் என்று ஞாயிறுதோறும் கைதட்டிப் பாடியவள்தான். ஆனால் அந்தப் பாயில் நான் நம்பியதெல்லாம், நான்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நான் விட்டால் அப்பா விழுந்துவிடுவார் என்பதுதான்.

எல்லாம் தீர்ந்தபின் மிஞ்சியது அப்பாவின் ஜெபம். அவர் சபையில் வாய் திறந்து ஜெபித்து யாரும் கேட்டதில்லை. காலை ஷிப்டுக்குக் கிளம்பும்போது, ஒரு கையில் டிபன் டப்பாவும் மறு கையில் செருப்புமாக நிலைப்படியில் நின்று, அரை நிமிடம் முணுமுணுப்பார். "தகப்பனே, இன்னிக்கு ஒரு நாள் பாத்துக்கோ. நாளைக்கு உள்ளத நாளைக்குக் கேக்குறோம்." அவ்வளவுதான். சபைக்காரர்கள் அந்த ஜெபத்தைக் கேலி செய்வார்கள். "இவரு ஆண்டவருகிட்டகூட தினக்கூலிதான்" என்பார்கள். அப்பாவும் சிரித்துக்கொள்வார். நான்கு மணிக்குப் பிறகு எனக்கு அது ஒன்றுதான் வந்தது. இன்னிக்கு ஒரு நாள். கடைசியில் அதையும் குறைத்து, இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கோ என்று கேட்டேன்.

ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் வெளிக்குழாயில் தண்ணீர் விழும் சத்தமும் அலுமினியக் கூடை ஒன்று தரையில் உரசும் சத்தமும் கேட்டன. குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அஞ்சலை அக்கா, கூடை காலியானதும் எங்கள் சபைக் குழாயில்தான் அதைக் கழுவுவார்.

"யாரு உள்ள? பாஸ்டரம்மாவா?" என்றவர், எட்டிப் பார்த்து, "இன்னா பாப்பா, தனியாவா கீற?" என்றார்.

நான் முணுமுணுப்பதை நிறுத்தவில்லை. பதில் சொன்னால் ஜெபம் நின்றுவிடும்.

"கேக்கறேன்ல? வாயில இன்னா கொழுக்கட்டையா?"

எனக்கு ஒரு வழி தோன்றியது. கண்ணைத் திறக்காமலே, உரக்க, "இயேசப்பா, நான் எழுந்துக்கக் கூடாதுன்னு அஞ்சலை அக்காகிட்ட சொல்லுங்க. எங்கப்பாவுக்காக சங்கிலி பிடிச்சிருக்கேன். வேற ஆளு வந்து தொட்டாதான் எழுந்துக்கணும்" என்று ஜெபித்தேன்.

குழாயை மூடும் சத்தம் கேட்டது. பிறகு பக்கத்தில் வந்து நின்ற அக்காவின் குரல், அதே மாதிரி ஆண்டவரிடம் பேசியது. "அய்ய, யேசப்பா, எத்தினி மணிலேர்ந்து புடிச்சிகினு கீதுன்னு கேட்டு சொல்லு."

"ரெண்டு மணிலேர்ந்து, ஆண்டவரே."

"அட கஸ்மாலமே! அஞ்சாவப் போவுது. பொண்ணு மூஞ்சி வெளுத்துப் போயி, கால இறுக்கிகினு கீது. ஒண்ணுக்கு வருதா இல்லியான்னு கேளு."

"வருது, ஆண்டவரே" என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஈரமான, மீன் செதில் ஒட்டிய கை ஒன்று என் தோளில் விழுந்தது. "எயிந்திரு. நான் குந்திக்கிறேன்."

"நீங்க வேற சாமிக்கா" என்றேன்.

"வேற சாமின்னா இன்னா? எங்க வூட்டாளு கடலுக்குப் போயி கரை திரும்பலன்னா நான் மணல்ல குந்திகினு இன்னா பண்றேன்? இதேதான். உங்க வார்த்தைலாம் எனுக்குத் தெரியாது. குந்தத் தெரியும். ஓடு."

"'நான் பிடிச்சிக்கிறேன்'னு சொல்லணும்."

"சட்டம் வேறயா? சரி, நான் புட்ச்சிகினேன். போதுமா? போ."

கால்கள் மரத்துப் போயிருந்ததால் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். கழிவறைக்குப் போய்விட்டு, வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பி வாசலில் நின்றபோது, அஞ்சலை அக்கா என் பாயில் சம்மணமிட்டு, கை கூப்பி, கண்ணைத் திறந்து வைத்தபடி சிலுவையிடம் பேசிக்கொண்டிருந்தார். "இவ அப்பன இட்டுகினு போயிடாத. ஆளு நல்ல ஆளு, மீனு வாங்கினா பேரம் பேசமாட்டாரு. வேற இன்னா கேக்கறது உன்கிட்ட." அதன் பிறகு பேசவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தார். நான் சுவரோரம் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனேன். ஆறு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பாஸ்டரம்மா விளக்கைப் போட்டபோது, அஞ்சலை அக்கா அந்தப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லையாம். "தோளத் தொடு, அப்பாலதான் எயிந்திருப்பேன்" என்றாராம்.

அப்பா பிழைத்தார். ஒரு கால் சற்றுக் குட்டையாகிப்போக, பதினெட்டு வருடம் நிலைப்படியில் அதே அரை நிமிட ஜெபத்தைச் சொல்லிவிட்டுத்தான் வெளியே போனார். அம்மா அந்த நாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியதில்லை. யாராவது பேச்சை எடுத்தால் அடுப்படிக்குப் போய்விடுவார்.

இன்று அந்தத் தெருவில் சபை இல்லை. கிடங்கை இடித்துவிட்டு லாரிகளை நிறுத்துகிறார்கள். தெருக்கோடியில் இருந்த மணலைக் கடல் கொண்டுபோக, பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அஞ்சலை அக்காவின் குடும்பம் எங்கே போனதென்று விசாரித்தேன், தெரியவில்லை. சங்கிலி ஜெபம் மட்டும் இருக்கிறது, செல்போனில். யார் எந்த மணி என்று குழுவில் போடுகிறார்கள். முடிந்ததும் கூப்பிய கைப் படம் ஒன்று வருகிறது. யாரும் யாருடைய தோளையும் தொட வேண்டியதில்லை.

போன மாதம் என் மகளுக்கு டெங்கு. பதினான்கு வயது. தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். என் கணவர் வெளிநாட்டில் இருந்து விமானம் ஏறியிருந்தார். குழுவில் எழுதினேன், சில நிமிடங்களில் நாற்பது "ஆமென்" வந்தது. ஒவ்வொன்றையும் படித்தேன். படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினால் நீண்ட வராந்தா, காலி நாற்காலிகள். இந்த வயதிலும், படித்து வேலை பார்க்கிற இந்த அறிவோடும், அங்கிருந்து எழுந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று பயந்தேன். மணிக்கணக்காகத் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. கழிவறைக்கும் போகவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பாத்துக்கோ என்பதைத் தவிர வேறு ஜெபமும் வரவில்லை. மகள் இப்போது வீட்டில், பக்கத்து அறையில் கஞ்சி வேண்டாம் என்று சண்டை போடுகிறாள்.

ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மதியம், வராந்தாவின் அந்தக் கோடியில், சுவரைப் பிடித்துப் பிடித்து ஒருவர் வருவது தெரிந்தது. அம்மா. ஷேர் ஆட்டோ மாறி மாறி, முட்டி வலியோடு, யாரிடமும் சொல்லாமல் கிளம்பி வந்திருக்கிறார். பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை, என் அருகே வந்து மூச்சு வாங்க நின்றார். பிறகு என் தோளில் கையை வைத்தார்.

"எழுந்திருடி, நான் புடிச்சிக்கிறேன்" என்றார். "அந்த ரெண்டு மணி என்னுது. அன்னிக்கு என்னால வர முடியல."