அப்பாவின் நெஞ்சருகே ஒரு காந்தம்

சனிக்கிழமை காலை 11.20. காக்ஸ் டவுன் வீட்டில், நான் செய்த மரப்பெட்டிக்குள் பொருத்தவேண்டிய பெரிய ஸ்பீக்கரை அப்பா நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். நான் பெட்டியில் ஸ்க்ரூவுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தேன்.

"உன் பொட்டி பாடறதுக்கு முன்னாடியே என் நெஞ்சு தாளம் போடுதுடா" என்று சிரித்தவர், அப்படியே சுவரில் சாய்ந்தார்.

சமையலறையிலிருந்து ஓடிவந்த மனைவி கத்தினாள்: "மாமா, அத கீழ வைங்க! ஏங்க, அதுக்குப் பின்னாடி இருக்கிறது காந்தம். அவருக்கு பேஸ்மேக்கர் இருக்குல்ல!"

நான் ஸ்பீக்கரைப் பிடுங்கி விலக்கியதும் அப்பாவின் படபடப்பு அடங்கியது. பரிசோதித்த மருத்துவர், இதயத்துடிப்பைச் சீராக்கும் அந்தக் கருவி பழுதாகவில்லை என்றார். காந்தம் நெருங்கினால் அது இயங்கும் முறை மாறிவிடும் என்றும் சொன்னார்.

இப்போது அப்பாவை அடுத்த அறையில் உட்காரவைத்துவிட்டு, ஸ்பீக்கரை நானே தனியாகப் பொருத்துகிறேன். பேஸ்மேக்கர் வைத்தபோது மருத்துவமனையில் தந்த கையேட்டில் காந்தம் பற்றிய எச்சரிக்கை இருந்தது. அதைக் கையெழுத்திட்டு வாங்கியவன் நான்.