பெரட்டில் சொல்லாத பேர்

முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே எழுதுகிறேன், தாளில் பச்சைக் கறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே புல் பிடுங்கினவர்களுக்குத் தெரியும்: அட்டைக்கடியைக்கூடத் தாங்கலாம், விடிகாலையில் வரிசையாக நிற்கவைத்துப் பேர் கூப்பிடுகிற பெரட்டைத் தாங்க முடியாது. சிராங்கூன் பக்கம் குடிவந்த பிறகும் எனக்கு அந்த நடுக்கம் போகவில்லை.

எந்த முனியம்மா?

எங்கள் வரிசையில் இரண்டு முனியம்மா. நான் கைப்பிள்ளைக்காரி. இன்னொருத்தி வண்டிக்காரக் கோவிந்தன் பெண்சாதி. பிள்ளை இல்லை, வாய் பெரிது. புது லயம் கட்டி முடித்து, யார் யாருக்கு வீடு என்று பேர் எழுதப் பெரட்டுக்கு வந்தார், தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி. பழைய லயத்தில் மழை பெய்தால் நேரே தூளிக்குள்தான் ஒழுகும். மகனுக்கு ஓயாத சளி. எனக்கு வீடு கட்டாயம் வேண்டும்.

"முனியம்மா, புருஷன் பேர் சொல்லு" என்றார். கட்டினவர் பேரை எப்படிச் சொல்வது? தலை குனிந்து நின்றேன். அந்த முனியம்மா பொறுக்காமல் என் வீட்டுக்காரர் பேரைக் கத்திவிட்டாள். "எப்படிக்கா வாயில வந்துச்சு?" என்று கிசுகிசுத்தேன்.

"அடி போடி, உன் புருஷன் பேரைச் சொன்னா எனக்கென்ன பாவம்?"

அவள் முறை

அடுத்து அவளைக் கேட்டார். அத்தனை பெரிய வாய் அப்படியே மூடிக்கொண்டது. என் இடுப்பில் கிள்ளினாள். பெரட்டில் அதுவரை வாயே திறக்காத நான், "கோவிந்தன்" என்றேன். குரல் வந்த பக்கம் ஒரு பார்வை பார்த்து எழுதிக்கொண்டார் கிராணி.

மறுவாரம் வாசித்தார்: "கைப்பிள்ளைக்காரி முனியம்மா, புருஷன் கோவிந்தன், நாலாம் வீடு." வரிசையே சிரித்தது. வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்தார் கோவிந்தன் அண்ணன்.

"ஐயா, இருக்கிற ஒரு முனியம்மாவையே என்னால தாங்க முடியல!"

காதில் இருந்த பென்சில்

கிராணிக்குக் கோபம். யாரும் எடுத்துக் கொடுக்காமல் நானே இப்போதே சரியான பேரைச் சொல்லாவிட்டால் என் வீடு வேறு ஆளுக்கு என்றார். என் வீட்டுக்காரரோ எங்கோ உள்ளே மரம் சீவிக்கொண்டிருந்தார். இடுப்பில் மகன் இருமினான். எப்படித்தான் துணிந்தேனோ, கிராணி காதில் செருகியிருந்த பென்சிலை உருவி, அவர் புத்தகத்தில் நானே எழுதிவிட்டேன். தோட்டத்துப் பள்ளியில் மூன்று வருஷம் உட்கார்ந்தது அதற்குத்தான் போல. புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எழுதத் தெரிஞ்சவ, போன வாரமே எழுதித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

வீடு கிடைத்தது, சளியும் விட்டது. இதோ வாசலில் யாரோ, "இது யார் வீடும்மா? வீட்டுக்காரர் பேர் என்ன?" என்று கூப்பிடுகிறார், நல்ல வேளை, பென்சில் கையிலேயே இருக்கிறது, ஆனால் வந்தவருக்கு வாசிக்கத் தெரிய வேண்டுமே!