பூட்டிய அலமாரியும் கத்தரி அக்காவின் வலக்கையும்

கையைத் தோளுக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி எவ்வளவு நேரம் உங்களால் நிற்க முடியும்? இப்போதே தூக்கிப் பாருங்கள். கத்தரி அக்கா கடை திறந்ததிலிருந்து சாத்தும் வரை அப்படித்தான் நிற்பார். பெண்களுக்கு முடி வெட்டும் கடை. ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, ஓயாத ஒரு வாய். பட்டப்பெயர் கைக்கு வந்ததா வாய்க்கு வந்ததா என்று தெருவில் யாருக்கும் தெரியாது.

அவருடைய வலது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆரம்ப நிலைதான். கட்டியோடு அக்குளில் உள்ள நிணநீர்க் கணுக்களையும் மொத்தமாக வழித்து எடுக்க வேண்டும், கை வீங்கலாம் என்றார் பொது மருத்துவமனை டாக்டர். அக்கா பரிசோதனைக்காகப் படுத்திருந்தபோது பார்த்த பக்கத்துக் கட்டில் தையல்காரிக்கு அப்படி எடுத்துத்தான் கை தலையணையாகிக் கிடந்தது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

"வீங்கினா வீங்கட்டும்க்கா, உயிர் முக்கியமில்லையா?" என்றாள் தங்கை.

"வீங்கின கையால முதல்ல உன் தலையிலதான் வெட்டிப் பழகுவேன்."

வழி இல்லாமலா இருக்கிறது? இரும்பு ஆக்சைடு நுண்துகள்கள் இருக்கின்றன. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரத்தை வரிசையாக நிறுத்தலாம். அவை காந்தத்துக்கும் அகப்படும். மேலே பூசிய சாயத்தால் கேமராவில் ஒளிரவும் செய்யும். கட்டியருகே ஊசி போட்டால், புற்று பரவும்போது முதலில் எட்டக்கூடிய கணுவில் போய்த் தங்கும். காந்தக் கோலைத் தோல்மேல் நகர்த்தினால் அந்த இடத்தில் ஒலிக்கும். தோலைத் திறந்ததும் ஒளி காட்டிக்கொடுக்கும். அந்தக் கணுவில் புற்று இல்லையென்றால் மற்றவற்றைத் தொடவே வேண்டாம்.

அக்காவுக்கு இதைச் சொன்னவர் முடி வெட்ட வந்த ஒரு வங்கி அதிகாரி. இதே டாக்டர் தனியார் மருத்துவமனையில் அவருக்கு இப்படித்தான் செய்திருந்தார்.

அக்கா நேரே டாக்டர் அறைக்குப் போனார்.

"சாயங்காலம் அங்க தெரியற கணு, காலையில இங்க தெரியாதா டாக்டர்?"

டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "கோல் இங்கயும் இருக்கும்மா. அலமாரியில பூட்டியிருக்கு. பக்கத்துல ஸ்டீல் இடுக்கி இருந்தா அது குழம்பிடும். பிளாஸ்டிக் இடுக்கி கேட்டேன். ஆபரேஷனுக்கு விளையாட்டுச் சாமானான்னு கொள்முதல் அதிகாரி திருப்பி அனுப்பிட்டார்."

"மறுபடி கேட்டீங்களா?"

டாக்டர் அடுத்த நோயாளியின் சீட்டை எடுத்துப் புரட்டினார்.

"எங்கிட்ட பிளாஸ்டிக் கிளிப் டஜன் கணக்குல இருக்கு. தரட்டுமா?"

கோல் மக்கள் வரிப்பணத்தில் வந்தது. ஓர் இடுக்கி இல்லாததால் தையல்காரியின் பிழைப்பு போனது. அவரிடம் எல்லோரும் சொன்ன ஆறுதல்: விதி. என்ன விதி? ஒருவர் கிண்டலடித்தார், இன்னொருவர் வாயை மூடிக்கொண்டார். இரண்டும் மனிதர் செய்த வேலை. அதற்கு விதி என்று பெயர் வைத்தால் இருவரும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

அக்கா அவர்களைப் போக விடவில்லை. தையல்காரியைக் கூட்டிக்கொண்டு கொள்முதல் அதிகாரியின் அறைக்குள் நுழைந்தார். வீங்கிய கையை மேசைமேல், கோப்புகளின்மேல் வைக்கச் சொன்னார்.

"இப்பச் சொல்லுங்க சார், விளையாட்டுச் சாமானான்னு."

அதிகாரியால் அந்தக் கையைப் பார்க்கவும் முடியவில்லை, நகர்த்தச் சொல்லவும் முடியவில்லை; இடுக்கிக்கான தாளில் கையெழுத்துப் போட்டார். அக்காவின் அறுவை சிகிச்சைக்கு முன்பே இடுக்கிகள் வந்து சேர்ந்தன. எடுத்த கணுவில் புற்று இல்லை. அக்காவின் கை தப்பியது. தையல்காரியின் கை அப்படியேதான் இருக்கிறது. அதற்கு யாரும் மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை.

உங்கள் ஊர்ப் பொது மருத்துவமனைக்குப் போங்கள். எந்தக் கருவி ஓடாமல் கிடக்கிறது, யார் கையெழுத்துக்காகக் கிடக்கிறது என்று கேளுங்கள். தனியாகப் போகாதீர்கள். அந்தக் கருவி ஓடாததால் உடம்பு கெட்டவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.