மழைத் தண்ணீரில் ஆடியவை

நான்கு வருடங்களுக்கு முன்னால், ஒரு ஐப்பசி மாதம். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்புறத் தெருவில் நாங்கள் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு இரும்பு உருக்கும் ஆலையில் வேலை. நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நிற்கிறவனுக்குத் தண்ணீர் மேல் ஒரு மயக்கம் வந்துவிடும். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே வந்தது.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் உப்பு. பக்கெட்டில் பிடித்து வைத்தால் மஞ்சளாகப் படியும். அதை ஊற்றினால் மல்லிகை இலையெல்லாம் ஓரம் கருகிவிடும். அதனால் மொட்டை மாடியில் விழும் மழையைக் குழாய் வழியாகக் கொல்லைக்கு இறக்கி, செடிகளுக்காக இரண்டு நீல டிரம்களில் பிடித்தேன். மூடியே போடவில்லை. மூடினால் மழை விழும் சத்தம் கேட்காதே.

காலை ஷிப்ட் முடிந்து மூன்று மணிக்கு வந்ததும், ஒரு பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு டிரம் பக்கத்தில் உட்கார்ந்துவிடுவேன். தண்ணீருக்குள் மேகம் மெதுவாக நகரும். கண் சொக்கும். சில நாட்களில் அந்த மேகத்துக்குள் பொடிப்பொடியாக ஏதேதோ நெளிய ஆரம்பித்தன. என் நிழல் விழுந்தால் எல்லாம் ஒன்றாகக் கீழே இறங்கும். நான் அசையாமல் இருந்தால் ஆடி ஆடி மேலே வரும். எங்கள் போர் தண்ணீரில் ஒரு பூச்சி பிழைத்து நான் பார்த்ததில்லை. இதில் உயிர் வளர்கிறதென்றால் இது எவ்வளவு சுத்தமான தண்ணீர் என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. மனைவிக்குக்கூடக் காட்டாமல் ரகசியமாக வைத்துக்கொண்டேன். கொசுப்புழு என்று தோன்றவே இல்லையா என்று கேட்பீர்கள். கொசு சாக்கடையில்தான் வளரும் என்று நம்பிக்கொண்டிருந்த மேதாவி நான்.

கொசு ஒழிப்பு வேலைக்காக வாரம் ஒருமுறை வீடு வீடாக ஒரு பெண் வருவார். "ஊட்ல எங்கனா தண்ணி புட்ச்சி வெச்சிகீறீங்களாண்ணா?" என்று கேட்பார். பார்த்தால் கொட்டிவிடுவாரே என்று பயம். "ஒண்ணும் இல்லம்மா" என்று வாய் கூசாமல் சொல்லி இரண்டு தடவை வாசலோடு திருப்பி அனுப்பினேன்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காய்ச்சல். எட்டு மாதக் கர்ப்பிணி. பிரசவத்துக்காக அம்மா வீட்டுக்கு வந்திருந்தவள், என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். டெங்கு என்று சொல்லி, ரத்தத்தில் தட்டணுக்கள் குறைகின்றன என்று திருவள்ளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் வந்த அந்தக் கொசு ஒழிப்புப் பெண் என்னை எதுவும் கேட்கவில்லை. நேராகக் கொல்லைக்குப் போனார். டிரம்மிலிருந்து ஒரு வெள்ளை மக்கில் தண்ணீரை மொண்டு என் முன்னால் நீட்டினார்.

"இது இன்னான்னு தெரியுதாண்ணா?"

"சுத்தமான தண்ணின்னு நெனச்சேம்மா."

"சுத்தமான தண்ணிதாண்ணா. சாக்கடையில வளர்றது வேற கொசு. டெங்கு கொசு நல்ல தண்ணியாப் பாத்துதான் முட்ட வுடும்."

அந்த நேரம் பார்த்து, மகளுக்குத் துணி எடுக்க வீட்டுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அம்மா மதில் மேல் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மா, அங்க எதுனா கீதா?"

கொசு ஒழிப்புப் பெண் என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். "செடிக்குத் தண்ணி ஊத்திகினு கீறோம்மா. நீங்க போயி பொண்ணப் பாருங்க."

அப்புறம் நிஜமாகவே இருவரும் ஊற்றினோம். நான் பக்கெட் பக்கெட்டாக மொண்டு கொடுக்க, அவர் மேட்டு மண்ணில் பரவலாக ஊற்றினார். ஆடிக்கொண்டிருந்ததெல்லாம் மண்ணில் துடித்து அடங்கியது. டிரம்மின் உள்பக்கத்தை நாரால் அழுத்தித் தேய்த்தார்.

"மழ புடிக்கறது தப்பில்லண்ணா. தொறந்து வெக்கறதுதான் தப்பு. வல கட்டுங்க. வாரத்துல ஒரு நாள் காலி பண்ணித் தேச்சி வுடுங்க."

பக்கத்து வீட்டுப் பெண் பிழைத்து வீடு வரும்வரை ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த மாதம் பெண் குழந்தை, சுகப்பிரசவம். அந்தக் கொசு என் டிரம்மில் பிறந்ததா, வேறெங்காவது பிறந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லித்தான் என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன், தேறவில்லை.

இப்போதும் மழை பிடிக்கிறேன், நைலான் வலை கட்டி. சத்தம் முன்னைவிட மெதுவாக, தூரத்தில் பெய்வதுபோல் கேட்கிறது. அவள் அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம், "அண்ணா, ரோஜாச் செடிக்கு ஒரு பக்கெட் மழத்தண்ணி குடுங்க" என்று கேட்டு வாங்கிப் போவாள். அவள் முகத்தைப் பார்க்காமலேயே கொடுப்பேன். நான் இதை எழுதி அனுப்பும் இந்தப் பத்திரிகையை அவள் ஒரு வரி விடாமல் படிப்பவள். பெயர் போடாவிட்டாலும் இது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்துவிடும், நேரில் சொல்லத் தைரியம் வராத எனக்கு அவள் அப்படித் தெரிந்துகொண்டால் போதும் என்றிருக்கிறது.